பெயர் தாங்கிய கப்பல்

1942ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 29ஆம் நாள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேலைக் கடற்கரையில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தில், கப்பல் கட்டும் தளம் ஒன்றில், மக்கள் பெருந்திரளாகக் கூடியிருந்தனர். புதிய சரக்குக் கப்பல் ஒன்று சாய்மேடையின்மீது நின்றுகொண்டிருந்தது. இசையரசி மேரியன் ஆண்டர்சன் முன்வந்து, அந்நாட்டு வழக்கப்படி அதற்குப் பெயர் சூட்டினார். தடைக்கட்டைகள் அகற்றப்பட்டன. கப்பல் மெல்ல நழுவி நீரைத் தொட்டது. அதற்குச் சூட்டப்பெற்ற பெயர் புக்கர் டி. வாஷிங்டன் என்பதாகும்.

அது போர்க்காலம். அமெரிக்கத் துறைமுகங்களுள் ஏதேனும் ஒன்றில் நாள்தோறும் ஒரு கப்பலேனும் நீரில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆகவே, கப்பல் இறங்கியதில் வியப்பொன்றும் இல்லை. கறுப்பினத்தார் ஒருவருடைய பெயரை அமெரிக்கப் பெருங்கப்பல் ஒன்று தாங்கிச் சென்றது அதுவே முதல் முறை. அப்பெயருக்கு உரியவரோ பிறக்கும்போது முழுப் பெயர்கூட இல்லாத அடிமைக் குழந்தை.

வர்ஜினியா மாநிலத்தில் ஹேல்ஸ் போர்டு என்னும் சிற்றூரின் அருகே ஜேம்ஸ் பரோஸ் என்பவருக்கு ஒரு பண்ணை இருந்தது. அதில் சமையல் வேலை செய்துவந்த ஜேன் என்னும் அடிமைப் பெண்ணின் மகனே புக்கர். அவர் பிறந்த நாளை ஒருவரும் குறித்து வைக்கவில்லை. 1856 என்பது அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கும் ஆண்டு. தந்தை யார் என்பதை அவர் என்றும் அறிந்திலர். வெள்ளையர் ஒருவர் என்று மட்டும் கேள்வியுற்றிருந்தார். பண்ணையின் சமையற்கூடமே அவர்கள் குடியிருந்த குடில். தளம் இடாத மண்தரையில் கந்தல்களைப் பரப்பி, அவற்றின்மேல் தமையனோடும் தங்கையோடும் அவர் உறங்கினார். எசமானரின் வீட்டுப் பெண்ணுக்குப் புத்தகம் சுமந்து பள்ளியின் வாயில்வரை செல்வார்; உள்ளே செல்ல அவருக்கு உரிமை இல்லை. அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் குற்றம் என்று கருதப்பட்ட காலம் அது.

1861ஆம் ஆண்டில் பரோஸ் இறந்தார். அவருடைய உடைமைகளுக்குப் பட்டியல் எழுதினார்கள். மாடும் குதிரையும் தட்டுமுட்டுப் பொருள்களும் விலை குறிக்கப்பெற்ற அப்பட்டியலில், புக்கர் என்னும் சிறுவனும் ஓர் உருப்படி. அவனுக்கு எழுதப்பட்ட மதிப்பு 400 டாலர். அப்பெயரைத் தாங்கி இன்றும் காணக் கிடைக்கும் பழைய ஏடு அதுவேயாகும்.

அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. 1865இல் போர் முடிந்தது. அடிமைகள் விடுதலை பெற்றனர். ஜேனின் கணவர் மேற்கு வர்ஜினியாவில் மால்டன் என்னும் ஊரில் உப்புக் காய்ச்சும் உலைக்களத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தார். ஜேன் தம் மக்களுடன் மலைவழியே பல நாள் நடந்து அவரிடம் போய்ச் சேர்ந்தார். சிறுவன் புக்கரும் விடியுமுன் எழுந்து உப்பைப் பீப்பாய்களில் அடைக்கும் வேலைக்குச் சென்றான். அவனுடைய சிற்றப்பனாருக்கு உரிய பீப்பாய்களில் 18 என்னும் எண்ணை மேலாளர் எழுதிச் செல்வார். அந்த எண்ணே புக்கர் படிக்கக் கற்ற முதல் எழுத்து. எழுத்தின்மேல் மகனுக்கு இருந்த வேட்கையைக் கண்ட தாய் எங்கிருந்தோ ஓர் அரிச்சுவடியைத் தேடிக் கொணர்ந்து கொடுத்தார். அதை அவருக்கும் படிக்கத் தெரியாது.

ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி திறக்கப்பட்டது. குடும்பத்தின் வறுமை புக்கரைப் பள்ளிக்கு விடவில்லை. நெடுநாள் கெஞ்சியபின், காலையில் ஒன்பது மணிவரை வேலை செய்துவிட்டுப் பள்ளிக்குப் போகலாம் என்று இசைவு கிடைத்தது. ஆனால், பள்ளி தொடங்குவதும் ஒன்பது மணிக்கே. இடையில் இருந்த தொலைவை எப்படிக் கடப்பது? சிறுவன் ஓர் உபாயம் கண்டான். உலைக்களத்தின் கடிகாரமுள்ளை நாள்தோறும் எட்டரையிலிருந்து ஒன்பதுக்கு நகர்த்திவிட்டான். கடிகாரத்தில் ஏதோ கோளாறு என்று உணர்ந்த மேலாளர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இச்செயலைப் பிற்காலத்தில் தம் வரலாற்றில் புக்கரே மறைக்காமல் எழுதியுள்ளார்.

பள்ளியில் வேறொரு சங்கடம் காத்திருந்தது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கத் தொடங்கினார். மாணவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்கள் இருந்தன. சிலருக்கு மூன்றும் இருந்தன. தனக்கோ புக்கர் என்னும் ஒன்றே உண்டு. தன் முறை வருவதற்குள் அச்சிறுவன் எண்ணித் துணிந்தான். ஆசிரியர் கேட்டபோது, பிறந்தது முதல் அப்பெயராலேயே அழைக்கப்பட்டவன் போலப் புக்கர் வாஷிங்டன் என்று தயங்காமல் விடையிறுத்தான். வாஷிங்டன் என்பது அவனுடைய சிற்றப்பனாரின் முதற்பெயர். தாய் தனக்குத் தாலியபெரோ என்றும் ஒரு பெயர் இட்டிருந்ததைப் பின்னாளில் அறிந்து, அதன் முதலெழுத்தை நடுவில் சேர்த்துக்கொண்டார். இவ்வாறு, உடைமைப் பட்டியலில் இருந்த ஒற்றைப் பெயர் பள்ளிப் பதிவேட்டில் முழுப்பெயராயிற்று.

உலைக்களத்தை அடுத்து நிலக்கரிச் சுரங்கம் அவரை ஈர்த்துக்கொண்டது. அங்கே இருளில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கடற்கரையை ஒட்டிய ஹாம்ப்டன் என்னும் ஊரில் ஏழைக் கறுப்பின மாணவர் வேலை செய்துகொண்டே பயிலும் கல்விச்சாலை ஒன்று உண்டு என்று இருவர் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. அவ்வூர் ஏறக்குறைய 500 மைல் தொலைவில் இருந்தது. 1872ஆம் ஆண்டில் அவர் புறப்பட்டார். வண்டியில் கொஞ்சம், நடையில் மிகுதி. வழியில் ஒரு விடுதியில் அவருடைய நிறத்தைக் கண்டு இடம் மறுத்தனர். குளிர் தாங்க இரவு முழுவதும் உலாவிக்கொண்டே கழித்தார்.

ரிச்மண்ட் நகரை அடைந்தபோது கையில் ஒரு காசும் இல்லை. தெருவோர மரப்பலகை நடைபாதை ஓரிடத்தில் தரையினின்றும் சற்று உயர்ந்திருந்தது. அதன்கீழ்ப் புகுந்து படுத்தார். மேலே மனிதர்கள் நடக்கும் ஓசை இரவெல்லாம் கேட்டது. விடிந்ததும் பக்கத்தில் ஒரு பெரிய கப்பல் நிற்பதைக் கண்டார். அதிலிருந்து இரும்புப் பாளங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கப்பல் தலைவரிடம் வேலை கேட்டார், கிடைத்தது. அன்றைய உணவுக்கு வேண்டிய பொருள் அக்கப்பலின் பாரத்தைச் சுமந்ததால் வந்தது. வழிச்செலவுக்குப் பணம் சேரும்வரை பல நாள் பகலில் இரும்பு சுமந்து இரவில் அந்நடைபாதையின்கீழே உறங்கினார்.

ஹாம்ப்டனை அடைந்தபோது அவரிடம் எஞ்சியிருந்தது 50 சென்ட். அழுக்கேறிய உடையோடு வந்து நின்றவரைத் தலைமை ஆசிரியை உடனே ஏற்கவில்லை. சில மணி நேரம் கழித்து, பக்கத்து அறையைப் பெருக்கச் சொன்னார். புக்கர் அவ்வறையை மூன்று முறை பெருக்கினார். நான்கு முறை துடைத்தார். ஆசிரியை வந்து மூலைமுடுக்குகளைப் பார்த்தார். தம் கைக்குட்டையால் சுவரையும் பலகைகளையும் தேய்த்துப் பார்த்தார். தூசி ஒட்டவில்லை. புக்கருக்கு இடம் கிடைத்தது. காவற்பணியும் துப்புரவுப் பணியும் செய்து பயின்று 1875இல் தேர்ச்சி பெற்று வெளிவந்தார்.

1881ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னும் ஊரில், 30 மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மாநில அரசு ஆசிரியர் ஊதியத்துக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியிருந்தது. நிலமும் கட்டடமும் இல்லை. பாழ்பட்ட ஒரு குடிலிலும் தேவாலயம் ஒன்றிலும் வகுப்புகள் நடந்தன. மழை பெய்தால் மாணவர் ஒருவர் தம் பாடத்தை நிறுத்திவிட்டு ஆசிரியருக்குக் குடை பிடிப்பார். பின்னர், கைவிடப்பட்ட பண்ணை நிலத்தைக் கடன் வாங்கி வாங்கினார். நிலத்தைத் திருத்த மாணவர்கள் தயங்கினர். கல்வி கற்பது இத்தகைய வேலையிலிருந்து தப்புவதற்கே என்பது அவர்கள் எண்ணம். வாஷிங்டன் ஒன்றும் பேசாமல் கோடரியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். மாணவர்கள் பின்தொடர்ந்தனர்.

கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும். முழங்கால் அளவு சேற்றில் நின்று கல் அறுத்தார்கள். முதற்சூளை வேகவில்லை. இரண்டாவதும் பாழாயிற்று. மூன்றாவது சூளை முடியும் தறுவாயில் இடிந்து விழுந்தது. கையில் பணம் இல்லை. வாஷிங்டன் தம் கடியாரத்தை மாண்ட்கமரி நகரில் 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளைக்குத் தீ மூட்டினார். அது நன்கு வெந்தது. கடியாரம் மட்டும் மீளவில்லை, தவணை கடந்துவிட்டது. அச்செங்கல் நல்ல செங்கல் என்று தெரிந்தபின், அப்பள்ளியை விரும்பாத வெள்ளையரும் விலைக்கு வாங்க வந்தனர். இருபது ஆண்டுகளில் எழுந்த நாற்பது கட்டடங்களுள் நான்கு நீங்கலாக மற்றவை யாவும் பெரும்பாலும் மாணவர்களின் உழைப்பால் உருவானவை.

1895இல் அட்லாண்டா நகரில் நடந்த பொருட்காட்சியில் அவர் ஆற்றிய சொற்பொழிவு நாடெங்கும் அவரை அறியச் செய்தது. அதிலும் ஒரு கப்பலே வருகிறது. கடலில் வழிதவறிக் குடிநீர் இன்றித் தவித்த கப்பல் ஒன்று எதிர்வந்த கப்பலிடம் நீர் வேண்டியது. நின்ற இடத்திலேயே வாளியை விடுமாறு விடை வந்தது. அவ்வாறே விட்டபோது அமேசான் ஆற்றின் நன்னீர் கிடைத்தது. தம் மக்கள் வாழும் மண்ணிலேயே உழைத்து உயர வேண்டும் என்பதற்கு அவர் இக்கதையைச் சொன்னார். அத்துடன், தொழிலில் இரு இனத்தாரும் ஒரு கைபோல இணைந்தும், சமூக வாழ்வில் விரல்கள்போலத் தனித்தும் இருக்கலாம் என்றும் கூறினார். வெள்ளையர் கைதட்டினர். கறுப்பின அறிஞர் பலர் மனம் நொந்தனர். வாக்குரிமையையும் சம உரிமையையும் கேளாமல் தொழிலை மட்டும் கேட்பது அடிபணிதலாகும் என்று டு போய்ஸ் 1903இல் வெளியிட்ட தம் நூலில் கடுமையாக மறுத்தார். அம்மறுப்பில் நியாயம் இருந்தது. உழைத்துப் பொருள் சேர்த்தவருக்கும் தென்மாநிலங்களில் வாக்கு மறுக்கப்பட்டது. புகைவண்டியில் தனிப்பெட்டி ஒதுக்கப்பட்டது. இவற்றை எதிர்த்து நடந்த வழக்குகள் சிலவற்றுக்கு வாஷிங்டன் மறைவாகப் பொருளுதவி செய்துவந்தார் என்பது அவர் இறந்து நெடுங்காலம் கழித்தே வெளியாயிற்று. 1915ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அவர் டஸ்கீகியில் காலமானார். அவர் விரும்பியவாறே, தாம் கட்டிய கல்விச்சாலையின் எல்லைக்குள் அடக்கம் செய்யப்பட்டார்.

இருபத்தாறு ஆண்டுகள் சென்றன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் இறங்கியது. கடல் கடந்து படைக்கலமும் உணவும் அனுப்ப வேண்டியிருந்தது. அவற்றைச் சுமந்த கப்பல்களையோ செருமானிய நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றாக அழித்துவந்தன. மூழ்குவதைவிட விரைவாகக் கட்டினாலன்றி உய்வில்லை. அதற்கென வகுக்கப்பட்டவையே லிபர்ட்டி கப்பல்கள், அதாவது விடுதலைக் கப்பல்கள். அழகில் குறைந்தவை, வேகமும் குறைவு, மணிக்கு 11 கடல் மைலே செல்லும். ஆனால், 441 அடி நீளமுள்ள ஒரு கப்பல் ஏறத்தாழ 10,000 டன் பாரம் சுமக்கும். ஜீப் வண்டிகளாயின் 2,840 ஏற்றலாம். பழைய முறையில் தகடுகளை ஒன்றோடொன்று ஆணியடித்து இணைப்பார்கள். இப்போது அவற்றை மின்சாரத்தால் பற்றவைத்தார்கள். கப்பலின் பகுதிகளை வெவ்வேறு இடங்களில் செய்து, பாரந்தூக்கிகளால் கொணர்ந்து பொருத்தினார்கள். முதலில் ஒரு கப்பலுக்கு எட்டுத் திங்களுக்குக் குறையாமல் ஆயிற்று. பின்னர் ஆறு வாரமே போதுமாயிற்று. அவசரத்துக்கு விலையும் உண்டு. குளிர்கடலில் சில கப்பல்களின் இரும்பு வெடித்துப் பிளந்தது. போர் முடிவதற்குள் 2,700க்கு மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன.

இவ்வளவு வேலைக்கு ஆள் போதவில்லை. பெண்கள் பற்றவைக்கும் கருவியை ஏந்தினர். கறுப்பினத்தாருக்கு முதலில் வாயில் அடைத்தே இருந்தது. தலைநகர் நோக்கிப் பெருந்திரளாக அணிவகுத்து வருவோம் என்று தொழிலாளர் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் அறிவித்த பின்னரே, 1941 ஜூன் திங்களில், போர்த் தொழிற்சாலைகளில் இனவேற்றுமை காட்டலாகாது என்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஆணையிட்டார். ஆணை வந்தும், மேலைக் கடற்கரைத் தளங்களில் ஆற்றல் மிக்க தொழிற்சங்கம் ஒன்று அவர்களை முழு உறுப்பினராக ஏற்காது துணைச்சங்கத்தில் ஒதுக்கிவைத்தது. அத்தளங்களுள் ஒன்றில்தான் புக்கர் வாஷிங்டனின் பெயர் தாங்கிய கப்பல் உருவாயிற்று.

இக்கப்பல்களுக்கு மறைந்த பெரியோர்களின் பெயரை இடுவது முறை. உயிரோடு இருப்பவர் பெயர் இடுவதில்லை. நாட்டு விடுதலைக்கு உழைத்த பேட்ரிக் ஹென்றியின் பெயரால் முதற்கப்பல் 1941இல் இறங்கிற்று. ஆயிரக்கணக்கில் பெயர்கள் தேவைப்பட்டபோது, கறுப்பினப் பெரியோர் சிலருக்கும் இடம் வந்தது. அவர்களுள் வாஷிங்டனே முதல்வர். பெயர் சூட்ட வந்த மேரியன் ஆண்டர்சனும் ஒதுக்கப்பட்டதன் வலியை அறிந்தவரே. மூன்றாண்டுகளுக்கு முன், நிறத்தைக் காரணமாக்கி, தலைநகரின் பெரிய அரங்கில் பாட அவருக்கு இடம் மறுத்திருந்தார்கள். அவர் லிங்கன் நினைவு மண்டபத்தின் படிகளில் நின்று 75,000 மக்கள் கேட்கப் பாடினார்.

கப்பலைச் செலுத்தத் தலைவர் வேண்டும். ஹியூ முல்சாக் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளில் 1886இல் பிறந்தவர். இளமையிலேயே கடல்மேல் சென்றவர். வேல்ஸ் நாட்டில் கப்பற்கலை பயின்றவர். முதல் உலகப் போர் முடிவுற்ற காலத்திலேயே கப்பல் தலைவருக்குரிய சான்றிதழை அமெரிக்காவில் பெற்றிருந்தார். ஆனால், அவரை நம்பி ஒரு கப்பலை ஒப்படைக்க ஒருவரும் முன்வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கப்பற் சமையற்கூடத்தில் வேலை செய்து பிழைத்தார். கப்பல் நடத்தத் தெரிந்தவர் கறி சமைத்தார்; கப்பல் நடத்தியவர்களுள் அவருக்கு நிகரான தேர்ச்சி இல்லாதவரும் இருந்தனர். இப்போது, மாலுமிச் சங்கத்தாரும் கறுப்பின அமைப்புகளும் வற்புறுத்தியபின், புதிய கப்பலின் தலைமை அவரை நாடி வந்தது. ஒரு நிபந்தனையும் உடன் வந்தது. மாலுமிகள் அனைவரும் கறுப்பினத்தாராகவே இருக்க வேண்டும் என்பது அது.

முல்சாக்குக்கு அப்போது வயது 56. இந்த வாய்ப்பை விட்டால் இன்னொன்று வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எனினும், இனம் பிரித்து ஆள் ஏற்றும் கப்பலுக்குத் தலைமை தாங்க அவர் மறுத்தார். திறமை ஒன்றே பார்த்து எல்லா இனத்தாரையும் சேர்க்க வேண்டும் என்றார். அரசினர் இறுதியில் இணங்கினர். வெள்ளையரும் கறுப்பினத்தாரும், பல நாடுகளில் பிறந்தவர்களும் ஒரே மேசையில் உண்டு, ஒரே தளத்தில் உறங்கி, ஒருவர் ஆணையை ஏற்றுப் பணிபுரிந்தனர். விரல்கள்போலத் தனித்து வாழலாம் என்று சொன்னவரின் பெயரைத் தாங்கிய கப்பலில் அது நிகழ்ந்தது.

ஐந்து ஆண்டுகளில் அக்கப்பல் 22 முறை கடல் கடந்து மீண்டது. சரக்கோடு 18,000 படைவீரரையும் ஏற்றிச் சென்றது. கப்பற்கலை கற்க விரும்பிய இளம் மாலுமிகளுக்கு அதன் தளத்திலேயே பாடம் நடந்தது. அதில் பணியாற்றிய வெள்ளையர் ஒருவர், கவிஞர் ஜான் பீச்சர், அக்கப்பலின் கதையை 1945இல் நூலாக எழுதி வெளியிட்டார்.

போர் முடிந்தது. 1947இல் கப்பல் பணியினின்றும் நீக்கப்பட்டது. முல்சாக்குக்கு மறுபடியும் ஒருவரும் கப்பல் தரவில்லை. அவருடைய தொழிற்சங்கத் தொடர்புகளைக் காரணம் காட்டிக் கடலில் வேலை செய்யும் உரிமையும் பின்னர் மறுக்கப்பட்டது. அவர் வழக்காடினார். 1960இல் நீதிமன்றம் உரிமையை மீட்டளித்தபோது அவருக்கு வயது 74. தலைவராக அல்ல, இரவு நேரத் துணை அதிகாரியாக வேலை கிடைத்தது. அதை ஏற்று அவர் மீண்டும் கப்பலேறினார்.